ஔலுவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனது

என் அக்கா மகளுக்கு வந்த வரன்களிலேயே பின்லாந்து வரன்தான் வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. பையனிடம் குறை என்று ஒன்றையும் சொல்ல முடியவில்லை, அதுதான் காரணம். கலசப்பாக்கத்துக் குடும்பம். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். பையன் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, செல்போன் சம்பந்தப்பட்ட ஏதோ வேலையில் பின்லாந்துக்குப் போயிருந்தான். ஜாதகம் பொருந்தியது. போட்டோவில் நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். பெண் பார்க்க வந்த அவன் அம்மா, "எங்களுக்கு உங்க பொண்ணு போதும், வேற ஒண்ணும் வேணாங்க" என்றார். அக்கா அந்த இடத்திலேயே உருகிப்போனாள். நான் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒண்ணும் வேண்டாம் என்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

ஆரணியில் எனக்குப் பட்டுச் சேலை வியாபாரம். தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் கடைகளுக்கு அனுப்புவேன். என் வேலையில் பாதி சந்தேகப்படுவதுதான். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே அசலுக்கு அடையாளமான சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பேன். "அசல் பட்டுங்க" என்று ஒருவர் இரண்டாம் தடவை சொன்னால் சேலையை வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போவேன். பால் கெட்டியாக இருந்தால்கூட, இன்றைக்கு இதில் என்ன கலந்தான் என்று யோசிக்கிற மனுஷன் என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

சந்தேகத்துக்கு ஊரிலும் காரணம் இருந்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் மண்டபம் கிடைக்கும் முன்பே பத்திரிகை அடித்துவிடுவார்கள். அப்படிக் கட்டிக்கொடுத்த ஒரு பெண், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றே மாதத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அந்த மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே குடும்பம் இருந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு மாடியை விட்டுக் கீழே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. அக்கா அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு நாள் அக்காவே கேட்டுவிட்டாள். "நீ போய் பாத்துட்டு வாடா. நீதான தாய்மாமன்? உன் கண்ணுக்குத் தப்புனது எதுவும் கெடையாது."

"பாஸ்போர்ட் எடுத்ததோட சரி, நான் சிங்கப்பூர்கூடப் போனதில்ல."

"இப்ப போ. ஊர் சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு."

என் மகனுடைய பழைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்துப் பார்த்தேன். மேலே மேலே போய், தாள் முடியப்போகிற இடத்தில், ஒரு வளைகுடாவின் உச்சியில் அந்தப் புள்ளி இருந்தது. ஔலு. அக்கா அதை 'ஊலு' என்பாள். அவள் வீட்டுக்காரர் 'ஓலா' என்பார். இவ்வளவு தூரம் ஒருத்தன் வேலைக்காகவா போவான், எதையாவது விட்டு ஓடினானா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பையனுக்கு போன் செய்து, ஐரோப்பா பக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்றேன். "வாங்க மாமா, என்கூடவே தங்கிக்கலாம்" என்று உடனே சொன்னான். விசாவுக்கு வேண்டிய அழைப்பையும் சட்டென்று அனுப்பிவைத்தான். அவ்வளவு ஜல்தியாக அனுப்பியதும் எனக்கு உறுத்தியது. மடியில் கனம் இருக்கிறவன் கொஞ்சமாவது தயங்க வேண்டாமா?

அக்கா மகள் அப்போது ஆரணியில் ஒரு கம்ப்யூட்டர் டிசைன் சென்டரில் வேலை பார்த்தாள். சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய உருவங்களைத் திரையில் கட்டம் கட்டமாகப் போடுவாள். அதை வைத்துத்தான் தறியில் மாட்டுகிற அட்டைகளில் துளை குத்துவார்கள். வாய் திறந்து அதிகம் பேசுகிற பெண் இல்லை. நான் கிளம்புகிற அன்றைக்கு எனக்கு ஒரு குரங்குக் குல்லா வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, அங்க நீ எதப் பாத்தாலும் அப்பிடியே வந்து சொல்லிடுவ இல்ல?"

"ஏன், மறைப்பேன்னு நெனைக்கிறியா?"

"இல்ல. சின்னதா ஒண்ணு கண்ணுல பட்டாலும் நீ விட மாட்டியே, அதான் கேட்டேன்."

கல்யாணப் பெண்ணுக்கு இருக்கிற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதக் கடைசியில் போய் இறங்கினேன். ஹெல்சிங்கியில் மாறி ஏறிய விமானம் ஔலுவை நெருங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடலோர நகரம் என்றார்கள், கடலைக் காணோம். வெள்ளைத் தரை, கறுப்பு மரம், மறுபடியும் வெள்ளைத் தரை. இங்கேயே முதல் பொய் என்று நினைத்தேன்.

பையன் வாசலில் நின்றான். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கையில் வைத்திருந்த கனமான கோட்டை எனக்குப் போட்டுவிட்டான். அது எனக்கென்றே தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"என் அளவு உனக்கு எப்பிடித் தெரியும் தம்பி?"

"குத்துமதிப்பா வாங்கினேன் மாமா."

என்னைப் பார்க்காமலேயே வாங்கியிருக்கிறான். எனக்கு இடது தோளைவிட வலது தோள் இறங்கியிருக்கும். இருபது வருஷமாகச் சேலை மூட்டை தூக்கியதால் வந்தது. ரெடிமேடு சட்டை எதுவும் எனக்குச் சரியாக அமையாது. இந்தக் கோட்டின் தோளில் உள்ளே ஒரு துணித்திண்டு வைத்துத் தைத்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தேன்.

காற்றில் வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம். "அது பேப்பர் மில்லு மாமா, காத்து இந்தப் பக்கம் அடிச்சா வரும்" என்றான். அவன் சொன்னதை நான் நம்பவில்லை. அடுத்த நாள் நானே நடந்து போய்ப் புகைபோக்கியைப் பார்த்த பிறகுதான் விட்டேன்.

அவன் வீடு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அங்கே ஒவ்வொரு கதவிலும் குடியிருப்பவரின் குடும்பப் பெயர் சின்ன வெள்ளை எழுத்தில் பொருத்தியிருக்கும். அவன் கதவில் அவன் அப்பா பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

"இது யாரு?"

"அது... பழசு மாமா. எடுக்கணும்." கதவை வேகமாகத் திறந்தான்.

உள்ளே நுழைந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் சிவப்பு நிறத்தில் பெண்கள் போடுகிற உயரமான பூட்ஸ் ஒரு ஜோடி நின்றது. சமையலறை மேடையில் நாலைந்து மது பாட்டில்கள் வரிசையாக, லேபிள் வெளியே தெரியும்படி. நான் பார்க்கிறேனா என்று அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். நான் பார்த்ததைப் பார்த்ததும் குனிந்து அரிசி களைய ஆரம்பித்தான்.

அன்றைக்குச் சாம்பார் வைத்தான். நன்றாகவே இருந்தது. பெருங்காயம் அளவாகப் போட்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, நான் சாயந்தரத்துல ஒரு எடத்துக்குப் போவேன். எங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்றான்.

அக்கா, உன் மகள் தப்பித்தாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதே நேரத்தில் இன்னொரு நினைப்பும் வந்தது. ஒளிக்க நினைக்கிறவன் ஒருத்தன், எங்கே போகிறேன் என்று கேட்காதே என்று தானாக வந்து சொல்வானா?

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன். தெருவில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. வழுக்காமல் இருக்க அதன்மேல் பொடிக் கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். நடக்க நடக்க அது செருப்பின் அடியில் ஏறிக்கொள்ளும். அந்தக் குளிரில் கிழவிகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நம்மூரில் ஒரு வேற்றாள் தெருவில் வந்தால் நாலு பேராவது "யாரு வீட்டுக்கு?" என்று கேட்பார்கள். இங்கே நான் நடுத்தெருவில் நின்று தலைகீழாகக் குதித்தாலும் கேட்க ஆளில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் எதை வேண்டுமானாலும் மறைத்துக் குடித்தனம் நடத்தலாம்.

கடலோரத்தில் சந்தைத் திடல். அங்கே குட்டையாக, தொப்பையும் தொந்தியுமாக ஒரு போலீஸ்காரர் சிலை. கையை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு எல்லாரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரிலேயே எனக்கு நம்பிக்கையாகத் தோன்றியவர் அவர் ஒருவர்தான்.

திடலுக்கு அந்தப் பக்கம் கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டல். அதன்மேல் ஆட்கள் நடந்தார்கள், ஒருவர் நாயோடு ஓடினார். தூரத்தில் ஒரு பெரியவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஐஸில் துளை போட்டு, சாண் நீளத் தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே கடல் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஓரத்தில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தேன். மறு காலையும் வைத்தேன். அவர் போன வழியில் பதிந்திருந்த தடத்திலேயே அடி எடுத்து வைத்து அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை அரை அங்குலம் ஆட்டினார். துளைக்குள் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. கையுறையைக் கழற்றி, விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு இல்லை.

மறுபடியும் தொட்டு வைத்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி காபி ஊற்றி நீட்டினார். முன்பின் தெரியாதவர் கொடுப்பதை நான் குடிக்க மாட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவரே அதைக் குடித்துவிட்டு மறுபடி துளையைப் பார்க்கத் தொடங்கினார்.

சாயங்காலம் பையன் வந்ததும், "கடல்னு சொன்னியே, உப்பே இல்லையே?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "டேஸ்ட் பண்ணீங்களா மாமா? நெறைய ஆறுங்க வந்து சேருது, கடல் ரொம்ப தூரத்துல ஒரு சந்து வழியாத்தான் வெளிய தொறக்குது. அதனால இந்த மூலையில உப்பு ஏறாது. ஆனா கடல்தான்." அட்லஸில் பார்த்த அந்த நீண்ட வளைகுடா ஞாபகத்துக்கு வந்தது. சொன்னது பொருந்தியது. பொய் மாதிரி இருந்தது உண்மையாகிவிட்டதில் எனக்கு ஏமாற்றம்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவன் எதையோ நினைத்துக்கொண்டவன் மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டு, "சரி மாமா, நான் கெளம்பறேன்" என்று கோட்டை மாட்டினான்.

அவன் படி இறங்கியதும் நானும் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த மாதத்தில் அங்கே ஆறு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அதனால் ஒரு கட்டடம் தள்ளியே நடந்தேன். அவன் ஆற்றுப் பாலத்தின் பக்கம் போனான், திரும்பினான், சந்தைத் திடலைத் தாண்டினான். போலீஸ்காரர் சிலைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டேன். அவன் நுழைந்தது ஊர் நூலகத்துக்குள். தண்ணீர் ஓரமாகப் பெரிய கட்டடம், சுற்றிலும் கண்ணாடி. அந்த பூட்ஸ்காரி அங்கேதான் காத்திருக்கிறாள் போல என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்தான். பையிலிருந்து பன் மாதிரி ஒன்றை எடுத்து ரகசியமாகக் கடித்தான். ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் படித்தான். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். யாரும் வரவில்லை. என் மூக்கு மரத்துப்போகிற வரைக்கும் நின்றேன். அவன் செய்ததெல்லாம் நேரம் போக்கியதுதான்.

நான் அவனுக்கு முன்னால் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கிடைத்த தனிமையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மது பாட்டில் ஒன்றிலும் மூடி உடைக்கவில்லை. கதவில் ஒட்டிய காகிதத்தில் பசை இன்னும் விரலில் ஒட்டியது. மற்றக் கதவுகளில் எல்லாம் குடும்பப் பெயர்தான். இதில் மட்டும் கூப்பிடுகிற பெயர். சிவப்பு பூட்ஸைத் திருப்பினேன். அந்த வீட்டில் இருந்த எல்லாச் செருப்பின் அடியிலும், ஒரு நாள் நடந்த என் ஷூவின் அடியிலும்கூட, பொடிக் கல் ஏறியிருந்தது. பூட்ஸின் அடி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கெட்ட பெயர் வாங்க ஒருத்தன் இவ்வளவு பாடுபடுகிறான் என்றால் அதில் என்ன லாபம்? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பயமாகக்கூட இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளாடினான். நான் சாப்பாட்டு மேஜையில் பூட்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இது யாருது தம்பி?"

"ஒரு... பிரெண்டோடது மாமா."

"அவங்க பறந்து வந்தாங்களா?" அடியைத் திருப்பிக் காட்டினேன். "லைப்ரரில பன்னு தின்னா போதை ஏறுமா? இன்னா நாடகம் இது? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அவன் தள்ளாடுவதை நிறுத்தினான். கோட்டைக் கழற்றாமலேயே எதிரில் உட்கார்ந்தான். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"பின்னாலயே வந்தீங்களா?"

"வந்தேன். கேட்டதுக்கு பதில் சொல்லு."

"உங்க வீட்லர்ந்துதான் மாமா சொன்னாங்க."

"யாரு?"

"அவங்கதான். உங்க அக்கா பொண்ணு."

நான் எழுந்துவிட்டேன். என் வீட்டுப் பெண்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை பேசவும் செய்தேன். நான் மூச்சு வாங்க நின்றதும், "அவங்க வேல செய்யற எடத்துலர்ந்து மெயில் போட்டாங்க" என்றான்.

"காட்டு."

"அது எனக்கு எழுதினது மாமா. காட்ட மாட்டேன்."

"அப்ப நான் எப்பிடி நம்பறது?"

"நீங்க நம்ப மாட்டீங்கன்னு அவங்களே சொன்னாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு என் தோளைக் காட்டினான். "உங்க கோட்டு அளவு எனக்கு எப்பிடித் தெரியும்? வலது தோளு எறங்கி இருக்கும், மூட்ட தூக்கி அப்பிடி ஆயிட்சி, எந்த சட்டையும் சரியா உக்காராது, குளுரு உள்ள பூந்துடும்னு எழுதியிருந்தாங்க. நான் போயி ஒரு தையக்கார அம்மாகிட்ட குடுத்து உள்ள பஞ்சு வெச்சி தச்சேன்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். என் தோளைப் பற்றி என் மனைவிக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தத் தோளில் ஏறித் தேர் பார்த்த அக்கா மகளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அவன் சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அவள் சொன்னால் அக்கா வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வைப்பாள். பையன் வேண்டாம் என்றால், பெண்ணிடம் என்ன குறையோ என்று ஊர் பேசும். மூன்றாவது வழி நான். "எங்க மாமா எதையும் நம்ப மாட்டாரு, நீங்க கொஞ்சமா காட்னா போதும், மிச்சத்த அவரே சேத்துக்குவாரு" என்று எழுதியிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று இத்தனை வருஷமாகச் சொன்னதையெல்லாம், ஒரு சின்னப் பெண் எடுத்து, எனக்கே ஒரு பொறியாகச் செய்து வைத்திருக்கிறாள். கேவலம், நானும் முதல் நாள் பாதி விழுந்துவிட்டேன்.

"சரி, அவதான் சொன்னா. நீ ஏன் ஒத்துக்கின? உன் பேரு இல்ல நாறிப்போகும்?"

"ஒருத்தங்க வேணாம்னு சொன்னப்பறம் எப்பிடி மாமா கட்டிக்கிறது? என் பேரு ஆரணில நாறினா எனக்கு இன்னா, நான் இங்கதான இருந்துகினு கீறேன்."

"உங்க அப்பா அம்மா கலசப்பாக்கத்துலதான இருக்காங்க?"

அதை அவன் யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அவன் எழுந்து ரசத்தைச் சூடு பண்ணினான்.

அவன் சொன்ன காரணம் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. பார்த்தே இராத ஒரு பெண்ணுக்காக ஒருத்தன் இத்தனை தூரம் போவானா? அவனுக்கும் வேறு யாராவது இருக்க வேண்டும், இது அவனுக்கும் வசதி என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. மிச்சம் இருந்த நாட்களில் அவனைக் கவனித்தபடிதான் இருந்தேன். கடல்மேல் என்னை வெகுதூரம் கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பெரியவர் அதே இடத்தில் இருந்தார். பையன் அவரோடு அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ பேசினான், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணின் போன்கூட அவனுக்கு வரவில்லை. பூட்ஸை ஆபீஸில் கூட வேலை பார்க்கிற அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தபோது நானும் போனேன். புதுசாக வாங்கி, ஒரு தரமும் போடாமல் வைத்திருந்தாராம். அந்த அம்மாவுக்கு என் வயசிருக்கும். எங்களை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆரணிக்குத் திரும்பிய அன்றைக்கே அக்கா வீட்டில் கூட்டிவிட்டார்கள். அக்கா, அக்கா வீட்டுக்காரர், என் மனைவி. அக்கா மகள் சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் என்னையே பார்த்தாள். நான் மூச்சு விட்டால் போதும், சேதி கிடைத்துவிடும் என்கிற மாதிரி.

"பையன் தங்கமான பையன். குடி கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. அக்கா முகம் மலர்ந்தது.

"ஆனா ஊரு சரியில்ல. நம்ம பொண்ணு அங்க இருக்க முடியாது."

"ஊருக்கு இன்னா மச்சான்?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"பனிக்காலத்துல சூரியனே ஒழுங்கா வர்றதில்ல. ஒருத்தருக்கு ஒருத்தர் பேசறதில்ல. அவசரத்துக்குக் கூப்ட்டா ஓடியார நாதி இல்ல. எங்கப் பாத்தாலும் ஐஸு. கடல்ல உப்புகூட இல்ல."

"கடல்ல உப்பு இல்லாட்டி கல்யாணத்துக்கு இன்னாடா?" என்றாள் அக்கா.

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது. என் மகன் அப்போது ஓசூரில் வேலையில் இருந்தான். முறைப்படி அவனுக்குக் கட்டக்கூடிய பெண்தான் இவள். இரண்டு வீட்டிலும் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததே இல்லை. அக்கா அன்றைக்கு எடுத்தாள்.

"நல்ல எடம் தட்டிப்போனா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியாதா?"

என் மனைவி அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டாள். நான் சொன்ன எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. உண்மையைச் சொன்னால் பெண் மாட்டிக்கொள்வாள்; பொய்யைச் சொன்னால் கலசப்பாக்கத்தில் இருக்கிற வாத்தியார் வீடு தலைகுனியும். நான் வாயை மூடிக்கொண்டேன். வரன் நின்றுபோனது. அக்கா என்னோடு பேசுவதும் நின்றுபோனது. தெருவில் எதிரில் வந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள். வீட்டிலும், என் மனைவி எப்போதாவது சாப்பாடு போடும்போது, "நெஜமாவே நம்ம பையனுக்காகத்தான் பண்ணீங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றால் அதையும் நம்ப மாட்டாள்.

ஒரு வாரம் கழித்து டிசைன் சென்டருக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம், அவள் மட்டும் இருந்தாள். திரையில் ஒரு அன்னப் பறவை பாதி முடிந்து நின்றது.

"நீ சொல்லுவன்னு நான் நெனச்சது வேற, நீ சொன்னது வேற" என்றாள், திரும்பாமல்.

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே பாப்பா?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா? யாரு பின்னாலயோ சுத்திகினு கீறேன்னு தெருத்தெருவா விசாரிச்சிருப்ப."

விசாரித்திருப்பேன்.

"இன்னாதான் உனக்கு வேணும்?"

"இது." திரையைக் காட்டினாள். "நான் போட்ட கரைய ஊர்ல பாதித் தறியில நெய்யறாங்க மாமா. நாலு வருஷமா கத்துகினு வந்தேன். அங்க போயி நான் ஜன்னல்ல உக்காந்து ஐஸ பாத்துகினு இருக்கணுமா?"

அது மட்டும்தான் காரணமா என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி பறவையின் வாலுக்குக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். அந்த மேஜையில் அவளைத் தவிர இன்னும் யாராவது வேலை செய்கிறார்களா, எந்த நாற்காலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அவள் இன்னும் மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தாள். பிறகு வேலூரில் ஒரு இடம் அமைந்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் டிசைன் போடுவேன் என்று அவளே வேலூர்ப் பையனிடம் முன்னாடி பேசி முடித்துக்கொண்டாள். அந்த மாப்பிள்ளையை விசாரிக்க அக்கா என்னைக் கூப்பிடவில்லை. வேறு வேலையாக வேலூர் போனபோது அவர்கள் தெரு வழியாக நான் ஒரு தடவை நடந்தேன், அவ்வளவுதான். என் மகனுக்கு ஓசூரிலேயே பெண் எடுத்தோம். அந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்குத்தான் அக்கா என்னை "உள்ள வா" என்றாள். அப்போதும், இவன் ஏன் வேறு இடத்தில் பெண் எடுத்தான் என்று யோசிக்கிற மாதிரிதான் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு ஔலு பையனிடமிருந்து போன் வந்தது. "மாமா, எனக்குக் கல்யாணம். நீங்க வரணும்" என்றான். கலசப்பாக்கத்துக்குப் பஸ் பிடித்துப் போனேன். மண்டபத்தில் அவனுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். எதற்காக அந்த வரன் நின்றது என்று அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை.

மணமேடையில் அவன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். நான் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாக இஷ்டப்பட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாளா? புகையில் கண் கலங்குகிறதா, வேறெதற்காவதா? தாலி கட்டி முடிந்ததும் அவள் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பினான். திருப்பியதில் என்னைப் பார்த்துவிட்டான்.

வாழ்த்துச் சொல்ல மேலே போனபோது, "இந்த தடவ வந்து விசாரிக்கலையே மாமா?" என்றான்.

"இப்ப இன்னா பண்ணிகினு இருந்தேன்னு நெனச்ச?" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுப் போளூர் வழியாகத் திரும்பி வந்தேன். பொழுது சாய்வதற்குள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் போனேன் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

"பொண்ணு எப்பிடி இருந்தா?"

"நல்லா இருந்தா."

"நம்ம பொண்ணவிடவா?"

"நான் சரியாப் பாக்கல அக்கா" என்றேன்.

அக்கா நம்பவில்லை.